ஃபோர்க்கில் எண்ணெய் ஏன் கசிகிறது என்று கேட்டிருந்தாய்

சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை பகல் தபாலில் வந்தது. என் கையெல்லாம் கிரீஸாக இருந்ததால் உன் அம்மாதான் பிரித்துப் படித்தாள். அம்பத்தூரில் வேலை நன்றாகப் போகிறது, சாப்பாடு பரவாயில்லை, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். அதற்கப்புறம் குரல் இறங்கிவிட்டது. வண்டியின் முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறது, என்ன காரணமாக இருக்கும் என்று கேட்டிருந்தாய். கல்யாணத்தில் தாய்மாமன் முறைக்கு உன் நெற்றியில் பட்டம் கட்ட ஏழுமலை மாமா வேண்டாம், சித்தப்பா கட்டட்டும், பெண் வீட்டில் மாமாவைப் பற்றி ஒரு மாதிரியாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கடைசி வரியில், மறுவீடு முடிந்ததும் புதுப்பெண்ணைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அந்த வண்டியிலேயே மெட்ராசுக்குப் போகப்போவதாகச் சொல்லியிருந்தாய். உனக்கு இவை மூன்றும் வேறு வேறு சமாச்சாரம். எனக்கு மூன்றும் ஒன்றுதான். அதனால்தான் இன்லண்டு லெட்டரில் அடக்கப் பார்க்காமல் முழுத்தாள் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வண்டி. அது அவசரம். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை வண்டியை எடுக்காதே. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு காலிலும் உள் குழாய் பளபளவென்று இருக்கிறது அல்லவா, அதைச் சுத்தமான துணியால் துடை. ஹேண்டில்பாரைப் பிடித்து முன்பக்கத்தை நாலைந்து தரம் அழுத்தி அழுத்தி விடு. குழாயில் எண்ணெய் ஒரு வளையமாக நின்றால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீல் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். குழாய் மேலும் கீழும் போகும்போது எண்ணெயைத் தன் உதட்டால் வழித்து உள்ளேயே வைத்திருப்பது அதன் வேலை. வண்டி பழசு, ரப்பர் காய்ந்து அப்பளமாகியிருக்கலாம். மழையில் ஓட்டிவிட்டுச் சேற்றைத் துடைக்காமல் விட்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா, அந்த மண் உதட்டுக்கு அடியில் போய் அறுத்திருக்கும். குழாயில் துருப்புள்ளி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார், கண்ணுக்குத் தப்புவது நகத்துக்குத் தப்பாது. உனக்கு விற்ற ஆள் எங்காவது மோதியிருந்தால் குழாய் லேசாக வளைந்திருக்கும், அப்போது எத்தனை புது சீல் போட்டாலும் வீண். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தாலும் பிதுங்கிக்கொண்டு வரும்.

இவ்வளவையும் எந்த மெக்கானிக்கும் உனக்குச் சொல்லுவான். எந்த மெக்கானிக்கும் வாயைத் திறந்து சொல்லாத காரணம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்தச் சீலைக் கடைசியாகப் பூட்டிய ஆள். அவனுடைய அவசரம், அவனுடைய சோம்பல், தனக்கு எல்லாம் தெரியும் என்ற அவனுடைய மண்டைக்கனம். அந்த ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் நெசவு வீட்டில் பிறந்து, தறியில் உட்காரப் பிடிக்காமல் ஸ்பானரைப் பிடித்தவன் என்பது உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பெரிய காஞ்சிபுரத்தில் என் பட்டறைக்கு ஒரு தனிப் பெயர் இருந்தது. பட்டு மெக்கானிக் என்பார்கள். அப்போது ஃபோர்க் சீல் வேண்டுமென்றால் மெட்ராசுக்குப் போக வேண்டும், போனாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தறியில் மிஞ்சும் பட்டுக் கழிவு நூலை முறுக்கி, உருக்கிய தேன்மெழுகிலும் விளக்கெண்ணெயிலும் ஊறவைத்து, பழைய சீலுக்கு மேலே குழாயைச் சுற்றி இறுக்கி வைத்து மூடியைத் திருகிவிடுவேன். கசிவு நின்றுவிடும். ஐந்தாறு மாதம் கவலையில்லை. அரக்கோணத்திலிருந்தெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்களிடமெல்லாம், ஊரெல்லாம் பட்டைக் கட்டிக்குது, நான் வண்டிக்குக் கட்டுறேன் என்று சொல்லிக் காட்டுவேன். இப்போது அதை நினைத்தால் காது சூடாகிறது.

அந்தக் கழிவு நூலை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் உன் மாமா ஏழுமலை. அவர் அப்போது ஒரு பட்டுக்கடை முதலாளியிடம் வேலையில் இருந்தார். முதலாளியின் மோட்டார் சைக்கிளில் ஓரிக்கை வரைக்கும் நெசவாளர் வீடுகளுக்கு நூலைக் கொண்டுபோய்க் கொடுப்பார், முடிந்த புடவைகளை வாங்கி வருவார். புடவை மூட்டை பின்னால் இருந்தால் பள்ளம் மேட்டில் வண்டியை உருட்டித்தான் போவார், அப்படி ஒரு நிதானம். எந்த வீட்டில் கழிவு நூல் இருந்தாலும் எனக்காக முடிந்துகொண்டு வருவார். அதிலும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். புடவையின் உடலில் ஓடும் சுத்தப் பட்டு வெள்ளைத் துணியில் முடிச்சாக வரும். கரையில் ஓடும் நூல் சிவப்புத் துணியில். கரை நூலில் சரிகை கலந்திருக்கும், சரிகையில் வெள்ளி இருப்பதால் அதைக் கடையில் திருப்பிச் சேர்க்க வேண்டும். நிறையச் சேரும் வரைக்கும் அதுவும் என் பட்டறையில்தான் தொங்கும். கொண்டுவந்து ஆணியில் மாட்டும்போது ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். "மாப்ள, வெள்ளை முடிச்சு உனக்கு. செவப்புல கை வெச்சிடாத. அதுல சரிகை இருக்குது, கம்பிப்பா அது, ரப்பரை அறுத்துடும்." எனக்கே தொழில் சொல்லித் தருகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். சரி மச்சான், சரி மச்சான் என்பேன்.

அவருக்கும் உன் கோமளா அத்தைக்கும் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. அப்போது அவர்களுக்குப் பிள்ளை நீதான். பண்டிகைக்கு உனக்கு முதல் சட்டை அந்த வீட்டிலிருந்துதான் வரும். அத்தைக்குத் திருப்புட்குழிக்குப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அமாவாசையன்று அங்கே போய், வறுத்த பச்சைப் பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு கோயிலில் தங்க வேண்டும். வறுத்த பயறு மறுநாள் காலையில் முளைவிட்டிருந்தால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. முதலாளி இரண்டு நாளைக்கு வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அமாவாசையன்று காலையில் மாமா வண்டியோடு என் பட்டறைக்கு வந்தார். முன் ஃபோர்க்கில், பிரேக் இருக்கிற பக்கத்துக் காலில், எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. "மாப்ள, பொம்பளைய ஒக்கார வெச்சிக்கினு போறேன். நல்லா பாத்துக் குடு. பட்டு இருக்குதா?" என்று கேட்டார். "எல்லாம் இருக்குது மச்சான், போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன்.

வெள்ளை முடிச்சு காலி. அது எனக்கு முந்தின நாளே தெரியும். நாலு தெரு தள்ளி என் தம்பி வீட்டுத் தறியில் கேட்டிருந்தால் ஒரு பிடி கிடைத்திருக்கும். வெயில், நடக்கச் சோம்பல், அதோடு டீ குடித்துவிட்டு வருகிறவர் முன்னால் வேலையை முடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு. ஆணியில் தொங்கிய சிவப்பு முடிச்சை அவிழ்த்தேன். கண்ணுக்குத் தெரிந்த சரிகை இழைகளையெல்லாம் உருவிப் போட்டேன். எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முறுக்கி, மெழுகில் முக்கி, வைத்துத் திருகிவிட்டேன். பிரேக்கையும் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மாமா வந்து முன்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். குழாய் காய்ந்து சுத்தமாக இருந்தது. "கை ராசிக்காரன்பா நீ" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எட்டரை மணி இருக்கும். பெங்களூர் ரோட்டில் வந்த ஒரு பஸ் டிரைவர் பட்டறை வாசலில் நிறுத்தி, உங்க மச்சான் வண்டி விழுந்து கெடக்குது என்று சொல்லிவிட்டுப் போனார். கிடைத்த சைக்கிளில் ஓடினேன். வயலிலிருந்து ஏறி வந்த ஒரு வைக்கோல் வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. அதைப் பார்த்துத்தான் மாமா பிரேக் பிடித்திருக்கிறார். பின் பிரேக் பிடித்தது, முன் பிரேக் பிடிக்கவில்லை. பின் சக்கரம் மட்டும் நின்று, சரளையில் வழுக்கி, வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அத்தையை வைக்கோலில் படுக்கவைத்திருந்தார்கள். இடுப்பை அசைக்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் வலி என்று சொல்லவில்லை. "அண்ணா, மொளைச்சிருந்திச்சிண்ணா. காலையில அவுத்துப் பாத்தேன், எல்லாம் மொளைச்சிருந்திச்சி" என்றாள். ரோடெல்லாம் பயறு சிதறிக் கிடந்தது. ஒவ்வொன்றிலும் வெள்ளையாகச் சின்ன முளை. மாமா ஓரமாக உட்கார்ந்து வலது கையைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். துண்டு முழுக்க ரத்தம்.

வண்டியை மாட்டுவண்டியில் ஏற்றி என் பட்டறைக்கே கொண்டுவந்து போட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் பிரித்தேன். மூடியைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. ஒரு விரற்கடை நீளம்கூட இல்லாத ஒரு சரிகை இழை சீலின் உதட்டுக்கு அடியில் புகுந்து ரப்பரைச் சுற்றிலும் அறுத்திருந்தது. போகும்போது ஏழெட்டு மைல், வரும்போது பாதி, அந்த ஓட்டம் போதும் அதற்கு. எண்ணெய் கால் வழியாக வழிந்து கீழே பிரேக் தட்டின் துவாரத்தில் இறங்கியிருந்தது. சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தேன். உள்ளே பிரேக் கட்டைகள் எண்ணெயில் குளித்திருந்தன. அந்தப் பிரேக்கை நீ பிடித்தாலும் நான் பிடித்தாலும் நின்றிருக்காது. அப்புறம் வலது கைப்பிடியைப் பார்த்தேன். பிரேக் நெம்புகோல் கைப்பிடியோடு ஒட்டி மடங்கியிருந்தது, இடையில் ரத்தம் உறைந்திருந்தது. விரல்கள் உள்ளே இருக்கும்போதுதான் அது தரையில் நசுங்கியிருக்கிறது. பிரேக்கைப் பிடித்தவர் விழுகிற வரைக்கும் விடவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சரிகை இழையை அடுப்பில் போட்டேன். கட்டைகளைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் காயவைத்தேன். நெம்புகோலை நிமிர்த்தி ரத்தத்தைத் துடைத்தேன். புது சீல் ஒன்றை எப்போதோ மெட்ராசிலிருந்து வாங்கி டப்பாவில் வைத்திருந்தேன், நல்ல வாடிக்கை வந்தால் போடலாம் என்று. ஆமாம், அமாவாசையன்று காலையில் மாமா வந்து நின்றபோதும் அந்தச் சீல் அந்த டப்பாவில்தான் இருந்தது. அதை எடுத்துப் போட்டேன். பிற்பகல் முதலாளி வந்தார். "வண்டியில கோளாறா, ஓட்டினவன்கிட்ட கோளாறா? நீ சொல்றதுதான் எனக்கு" என்றார். "வண்டியில ஒண்ணும் இல்லீங்க. பிரேக்கைப் பிடிச்சிருந்தா நின்னிருக்கும்" என்றேன். எவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வந்தது என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார். "பொண்டாட்டியையே பத்திரமா கொண்டாரத் தெரியாதவன், என் பட்டை எப்பிடிக் கொண்டாருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு மாமாவின் வேலை போனது.

இதைவிட மோசமானதை இனிமேல்தான் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் மாமா கையில் கட்டோடு அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உன் அம்மாவும் இருந்தாள். அவர் என்னைப் பார்த்து, "மாப்ள, நான் பிடிச்சேன். நல்லா பிடிச்சேன். ஏன் நிக்கல?" என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை, சேகர். தொழில் தெரிந்தவனிடம் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்து, "பயத்துல பிடிச்ச மாதிரி தோணும் மச்சான்" என்றேன். அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உன் அம்மா, "ஏழு வருஷமா தவம் கெடந்தாங்களே அண்ணி, ஒரு பிரேக்கு பிடிக்கத் தெரியலையா உனக்கு?" என்று சொந்த அண்ணனைக் கேட்டாள். மாமா கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியிடம் சொன்னது என் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்லுவது? ஒரு மனுஷன் தன் கையை நம்புவதையே நான் பிடுங்கிக்கொண்டேன்.

பிறகு ஊர் தன் வேலையைச் செய்தது. வரம் வாங்கின அன்றைக்கே கீழே போட்டவன் என்று பேசினார்கள். அத்தையின் இடுப்பு கோணலாகத்தான் கூடியது, இன்றும் சாய்ந்துதான் நடக்கிறாள். பிள்ளை பிறக்கவில்லை. விழுந்ததால்தானா, இல்லாவிட்டாலும் அப்படித்தானா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, கேட்பதற்கு எனக்குத் தைரியமும் இல்லை. மாமா அதற்கப்புறம் எந்த வண்டியிலும் கால் வைக்கவில்லை. நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது என் சைக்கிளில் உன்னை உட்காரவைத்து, தான் ஏறாமல், பள்ளிக்கூடம் வரைக்கும் தள்ளிக்கொண்டே வருவார். பசங்க சிரிக்கிறாங்க, மாமாவை வரவேண்டாம்னு சொல்லு என்று நீ ஒருநாள் அழுதாய். நான் உன்னைக் கண்டிக்கவில்லை. மறுநாள் அவரிடம், "இனிமே அவனே நடந்து போவட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டேன். "அதுவும் சரிதான் மாப்ள" என்று சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். நீ இன்றைக்கு அவர் பட்டம் கட்ட வேண்டாம் என்று எழுதுகிறாய் என்றால், அது அன்றைக்கே நான் உனக்கு எழுதிக் கொடுத்தது. உன்மேல் எனக்குக் கோபமில்லை.

பதினான்கு வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். காயம் ஆறட்டும் என்று இருந்தேன். ஆறிய பிறகு எதற்குக் கிளற வேண்டும் என்று இருந்தேன். பட்டு வைத்துக் கட்டுவதை மட்டும் அன்றோடு நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம், இப்போதெல்லாம் நல்ல சீல் வருகிறது என்றேன். மாமாவின் வலது கையில் இரண்டு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது உனக்குத் தெரியும். சின்ன வயதில் அதைப் பிடித்து நிமிர்த்தப் பார்ப்பாய். விசேஷ வீட்டுப் பந்தியில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கை சோற்றைப் பிசைவதைப் பார்க்காமல் இருக்க நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவருக்கு மரியாதை தெரியாத மாப்பிள்ளை என்று உன் அம்மா என்னைத் திட்டியிருக்கிறாள். உண்மையில் அந்த விரல்களைக் கண்டு பயந்த மாப்பிள்ளை நான்.

புதுப்பெண்ணைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போவேன் என்று நீ எழுதிய வரிதான் என்னை உலுக்கிவிட்டது. எண்ணெய் கசிகிற வண்டி, பின்னால் ஒரு பெண். உன் அம்மா கடிதத்தை மடித்துக்கொண்டே, "அவன் சொல்றதும் நியாயந்தான். பொண்ணு வீட்டுல ஒரு பேச்சு வரக் கூடாது இல்ல. அண்ணன்கிட்ட நான் பக்குவமா சொல்லிடறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் சொன்னேன். நின்றபடியே, கிரீஸ் கையோடு, எல்லாவற்றையும். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதானே எங்கண்ணனை நான் அப்பிடிக் கேட்டேன்" என்றாள். பிறகு, "கையைக் கழுவிக்கினு வாங்க. அவங்ககிட்ட போய் சொல்லுங்க. அதுக்கப்பறம் என்கிட்ட பேசுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் பத்தடி முன்னால் நடந்தாள்.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் இருக்கிற ஒற்றை அறையில் மாமா இப்போது வேலை பார்க்கிற மண்டியிலிருந்து அப்போதுதான் சாப்பிட வந்திருந்தார். "வாங்க மாப்ள, பத்திரிகை வந்திருச்சா?" என்று எழுந்து பாயை விரித்தார். நான் உட்காரவில்லை. சிவப்பு முடிச்சு என்று ஆரம்பித்தேன். சரிகை, சீல், பிரேக் கட்டை, அடுப்பில் போட்டது, முதலாளியிடம் சொன்னது, ஆஸ்பத்திரியில் சொன்னது என்று எதையும் விடவில்லை. நடுவில் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன், அங்கே அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை. மாமா தான் விரித்த பாயிலேயே உட்கார்ந்தார். பிறகு, "அப்ப நான் பிடிச்சேனா?" என்று கேட்டார். "பிடிச்சீங்க மச்சான். கடைசி வரைக்கும் விடல நீங்க" என்றேன். "மொதல்ல ஒரு வருஷம் பிடிச்சேன்னுதான் நெனைச்சிக்கினு இருந்தேன். அப்பறம் எனக்கே சந்தேகம் வந்திருச்சி. இல்லபோல, நான்தான் கோட்டை விட்டுட்டேன்போலன்னு" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், ஒருவேளை அதனால்தான் திட்டவில்லையோ என்னவோ. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பேசியது அத்தைதான். அடுப்புப் பக்கத்திலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "தெனமும் இந்த வெரலுக்கு எண்ணெ போட்டு நீவி விடுறேன். எப்பிடி மடிஞ்சிச்சின்னு ஒரு நாளும் நான் யோசிக்கலையே. பிடிச்சேன் பிடிச்சேன்னு எத்தினி தடவை சொன்னீங்க, நான் மூஞ்சியத் திருப்பிக்கினு போனனே" என்று அவரிடம்தான் சொன்னாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. அந்த வீட்டுக்குள்ளேயும் நான் போய் உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரில் அவர் பெயரைக் கெடுத்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பொய்யனாகப் பதினான்கு வருடம் குடியிருந்திருக்கிறேன். உன் அம்மா அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் வெளியே வந்து தெருவில் நின்றேன்.

வியாழக்கிழமை உன் மாமனார் வீட்டுக்குப் போய் வந்தேன். யார் எதைக் கேள்விப்பட்டிருந்தாலும் குற்றம் யாருடையது என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. இப்படிப்பட்ட ஆள் வீட்டிலா பெண்ணைக் கொடுக்கிறோம் என்று யோசித்திருப்பார், யோசிக்கட்டும். அந்தப் பட்டுக்கடை முதலாளி இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்க எனக்கு வழியில்லை. உன் அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. எது செய்தாலும் நான் ஏன் என்று கேட்கப்போவதில்லை. நீ என்னை மாதிரி ஆகிவிடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தப்பு செய்யாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, எல்லாரும் செய்கிறோம். செய்தால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு. அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் ஒரு மோசமான மெக்கானிக், அவ்வளவுதான்.

இனி வேலையைச் சொல்கிறேன். முன் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்து பார். கட்டைகளில் எண்ணெய் பட்டிருந்தால் கழுவிப் பார்க்காதே, தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போடு. சீலும் புதுசு. இரண்டு காலுக்கும் மாற்று, ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதே. பூட்டுவதற்கு முன் அதன் உதட்டில் எண்ணெய் தடவு. வேலை முடியாவிட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வா. நேராக நம் வீட்டுக்கு வராதே. பிள்ளையார்பாளையம் போ. வெற்றிலை பாக்கு வைத்து நீயே கூப்பிடு. நான் அங்கிருந்து கிளம்பியபோது அவர் கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லவில்லை. நேற்று அத்தை உன் அம்மாவிடம் கேட்டாளாம், அவர் வேட்டியை வெளுக்கப் போடணும், முகூர்த்தம் என்னிக்கு என்று.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டம் கட்டும்போது பின்னால் நூலை முடிச்சுப் போட வேண்டும். அவருடைய அந்த இரண்டு விரல் நிமிராது, முடிச்சு சட்டென்று விழாது. நாதஸ்வரக்காரர் அவசரப்படுவார், ஐயர் அவசரப்படுவார், யாராவது நான் கட்டுறேன் என்று கையை நீட்டுவார்கள். யாரையும் விடாதே. அவர் கட்டி முடிக்கிற வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் நில்.

அப்பா